படிப்பு நின்ற தேதியும் கர்ப்பம் தங்கிய தேதியும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மஸ்கெலியாப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போன வருடம் ஆசிரியராக வந்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சில கிழமைகளாக வரவில்லை. விசாரித்தால் கர்ப்பம் என்கிறார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர், "தோட்டத்து ஆளுங்களே இப்படித்தான், சீக்கிரம் கட்டி, சீக்கிரம் பெத்து, சீக்கிரம் கிழவியாயிடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. மலையகத்தில்தான் இது அதிகமா, வறுமையால் இது வருகிறதா அல்லது இதனால் வறுமை வருகிறதா, நான் என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்டது நான்காவது ஒன்று என்று படுகிறது: அந்த மூத்த ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது? அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது அரசாங்க மருத்துவிச்சியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெயரால் தோட்டத்தில் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. மிஸ்ஸி என்றால்தான் திரும்பிப் பார்ப்போம். நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கிளினிக், வீட்டு வருகை, எடை போடுவது, குளிசை கொடுப்பது, பிரசவம் முடிந்து பத்து நாளைக்குள் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது, இவ்வளவுதான் என் படிப்பும் பழக்கமும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கர்ப்பமான பிள்ளைகள். அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு), அதே வறுமையில் இருந்தும் கர்ப்பமாகாமல் தப்பிப் படித்துப்போன பிள்ளை என் கிளினிக் வாசலுக்கு வரவே இல்லை. ஆகவே என் கண் ஒருபக்கக் கண். நான் பார்த்ததை வைத்துக்கொண்டு "எல்லாரும் இப்படி" என்று சொன்னால், உங்கள் மூத்த ஆசிரியருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

சரி, மலையகத்தில்தான் அதிகமா? இல்லை. தெற்காசியாவில் இந்த விஷயத்தில் நல்ல நிலையில் இருக்கிற நாடு இலங்கை. 2016ஆம் ஆண்டு எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டில், 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 21 பிரசவம் என்று வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு அது 28. பங்களாதேஷில் 2017-18இல் எடுத்த கணக்கில், அந்த வயதுப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பவதியாகவோ இருந்தார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல், நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் தூரம் விளங்கும். நாட்டுக்குள்ளே பார்த்தால், பல வருடங்களாகப் பட்டியலில் மேலே நிற்பவை திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற கிழக்கு மாவட்டங்கள். நுவரெலியா உச்சியில் இல்லை. "மலையகம் என்றாலே சின்ன வயசுக் கல்யாணம்" என்பது கொழும்பில் உட்கார்ந்து சொல்கிற கதை. வருத்தம் என்னவென்றால், ஹட்டனில் உட்கார்ந்தும் சிலர் அதையே சொல்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மாவட்டம் என்பது ஒரே ஆள் இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்குள் தோட்டமும் இருக்கிறது, வலப்பனைப் பக்கத்துக் கிராமமும் இருக்கிறது, டவுனும் இருக்கிறது. மூன்றையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரியில் தோட்டத்துப் பிள்ளையின் முகம் தெரியாது. அப்புறம் வயது. என் மேசைக்கு முன்னால் நின்று, "வயசு பதினெட்டுன்னு போடுங்க மிஸ்ஸி, புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சிய தாய்மார் எத்தனையோ பேர். பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவா என்றால், வீட்டில் மழை ஒழுகி நனைந்துபோச்சு என்பார்கள். நான் போட்டதில்லை. போட்டவர்கள் இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பதினைந்து, பதினாறு வயதுக் கணக்கைவிடப் பதினெட்டு, பத்தொன்பது வயதுக் கணக்கை நம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

எண்ணிக்கையில் முதலிடம் இல்லை என்றால் கவலை இல்லையா? அங்கேதான் சமத்துவமின்மை வந்து நிற்கிறது. அதே 2016 அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர். தோட்டத்தில் 32 பேர். அந்தக் குள்ளப் பிள்ளைதான் பதினைந்து வருடம் கழித்து என் எடைத் தராசில் ஏறி நிற்கிறாள். கொழும்பில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு வருகிற கர்ப்பமும், நாலடி எட்டங்குல உயரத்தில், காலையில் மாவு ரொட்டியும் பிளேன்டீயும் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு வருகிற கர்ப்பமும் ஒன்றல்ல. வயது ஒன்றுதான், சேதம் வேறு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதிகம் சொல்ல இருப்பதும் இதில்தான்.

கர்ப்பவதியைப் பதியும்போது நாங்கள் முதலில் கேட்பது கடைசியாக மாதவிடாய் வந்த தேதி. அதோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டினால் பிரசவத் தேதி. பெரிய பெண்கள் கலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டு வருவார்கள். இந்தப் பிள்ளைகள் அப்படி இல்லை. "கோயில்ல கொடி ஏத்துறதுக்கு முந்தின கிழமை", "அட்வான்ஸ் போட்ட அன்னைக்கு" என்பார்கள். நான் கோயில் திருவிழாவையும் சம்பள நாளையும் வைத்துக் கணக்குப் போடுவேன். வேலைக்கு வந்து சில வருடம் போனபிறகு, இன்னொரு தேதியையும் கேட்கத் தொடங்கினேன். அட்டையில் அதற்கு இடம் இல்லை. என் சொந்தக் கொப்பியில் எழுதி வைத்தேன். கடைசியாக ஸ்கூலுக்குப் போன நாள் எது?

ஒருத்தியை மறக்கவில்லை. பதினாறு இன்னும் முடியவில்லை. நல்ல மழை நாள். காலில் பள்ளிக்கூடச் சப்பாத்து, வெள்ளை நிறம் போய் மண் நிறம். "ஸ்கூல் விட்டு எவ்வளவு நாள்?" என்றேன். "ஒம்பதாம் வகுப்புல, ரெண்டாம் தவணை மிஸ்ஸி." ஏன் என்றால், "தம்பிக்கு முடியாமப் போச்சு, அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவணும், ஒரு மாசம் நான் பாத்துக்கிட்டேன். அப்புறம் போவ வெக்கமா இருந்திச்சு." கணக்குப் பார்த்தேன். படிப்பு நின்று ஒன்றரை வருடம் கழித்துத்தான் கர்ப்பம். அந்த ஒன்றரை வருடத்தில் பாடசாலையிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லையென்று. ஸ்கூல் விட்டும் அந்தச் சப்பாத்தை ஏன் போட்டிருக்கிறாய் என்று கேட்கவில்லை. வேறு சப்பாத்து இல்லை என்பது கேட்காமலே தெரியும்.

என் கொப்பியில் பெரும்பாலும் இந்த வரிசைதான். முதலில் படிப்பு நிற்கிறது, பிறகு ஒரு வெற்றுக்காலம், அப்புறம் கர்ப்பம். பாடசாலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டே கர்ப்பமான பிள்ளை இல்லாமல் இல்லை, உங்கள் மாணவி அப்படியும் இருக்கலாம். ஆனால் அவர்கள் குறைவு. "கர்ப்பத்தால் படிப்புப் போச்சு" என்று நாம் சொல்கிற வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால்தான் உண்மைக்குக் கிட்டே வரும். இது என் ஒருத்தியின் கொப்பி என்பது ஞாபகம் இருக்கட்டும். ஆனால் 1990களில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். சின்ன வயதில் தாயானவளை ஊரில் உள்ள யாரோ ஒருத்தியோடு ஒப்பிடாமல், அவளுடைய சொந்த அக்கா தங்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது, "சின்ன வயசுத் தாய்மையால் வந்த ஏழ்மை" என்று அதுவரை சொல்லிவந்ததில் பெரிய பங்கு கரைந்துபோனது. அக்காவும் அதே ஏழ்மையில்தான் இருந்தாள். அந்த முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பொகவந்தலாவையில் நட முடியாது. என் அனுபவத்துக்கு அது ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வெற்றுக்காலம் ஏன் வருகிறது? தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்தது 1970களிலிருந்துதான். அதுவரை ஒரே அறையில் ஒரே வாத்தியார். அரசு எடுத்தபிறகும் நிறைய இடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை வேறு தோட்டத்துக்கு, சில இடத்தில் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் இல்லாத ரோட்டில் தேயிலைக்குள்ளே நடை. பையன் நடந்தால் யாருக்கும் பயம் இல்லை. பெண்பிள்ளை பெரியவளானதும் அதே ரோடு வீட்டாருக்கு வேறு ரோடாகிவிடும். கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படிக்கிற பிள்ளைக்கு, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் போகும் என்பது எட்டாம் வகுப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. 2016இலிருந்து 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்று ஒழுங்குவிதி இருக்கிறது. நல்லது. ஆனால் வராத பிள்ளையைத் தேடி லயத்துக்கு ஏறிப் போகிற ஆள் யார்?

பெரியபிள்ளை ஆவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஆட்கள் சடங்குக்குச் செய்கிற செலவு உங்களுக்குத் தெரியும். பந்தல், ஸ்பீக்கர், அல்பம், இப்போது ட்ரோன் கெமராகூட வந்துவிட்டது. நகையை அடகு வைத்தாவது செய்வார்கள். இந்தப் பிள்ளை இனிமேல் பிள்ளை பெறக்கூடியவள் என்று தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் ஸ்பீக்கர் போட்டு அறிவிக்கிறோம். ஆனால் அது எப்படி என்பதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. சடங்கு முடிந்து ஒரு வருடத்துக்குள் கிளினிக்குக்கு வந்த ஒரு பிள்ளை, "மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு, நல்லதுதானேன்னு இருந்துட்டேன்" என்றாள். பேட் வாங்குகிற காசு மிச்சம் என்று நினைத்திருக்கிறாள். சுகாதாரப் புத்தகத்தில் இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் "வீட்டில் வாசித்துப் பாருங்கள்" என்று சொல்கிற வாத்தியார்மாரும் இருக்கிறார்கள்.

லயத்தைப் பற்றி நீங்கள் பார்த்ததுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, ஆறேழு பேர். குளிக்க வெளியே பீலிக்கு, அதாவது பொதுத் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும். வயதுப் பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லை. தாய் காலையில் மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள், அல்லது வெளிநாட்டில் வீட்டுவேலையில் இருப்பாள். தகப்பன் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருகிறவராக இருந்தால் அதிர்ஷ்டம். பாட்டி பார்த்துக்கொள்கிறாள் என்பது பாட்டிக்குக் கண் தெரிகிறவரைக்கும்தான். இந்த வீட்டில் ஒரு பிள்ளையோடு கனிவாகப் பேசுகிற முதல் ஆள் கையில் போன் வைத்திருக்கிற பையனாக இருந்தால், அவள் அவனோடு பேசுவாள். பெரும்பாலும் கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன், தீபாவளிக்கு வருகிறவன், அவளைவிட நாலைந்து வயது மூத்தவன்.

பலர் "அறியாமை, அறியாமை" என்கிறார்கள். ஓரளவு சரி. ஆனால் எனக்கு அது போதவில்லை. பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவள் இடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். கொழும்பில் யாருடைய வீட்டிலாவது வேலைக்காரி. டவுனில் புடவைக்கடை. பதினெட்டு ஆனதும் கார்மென்ட். இல்லை என்றால் காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்துக் கூடை. நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், 1350 ஆனது 2024இல். அதுவும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளக் கணக்கு, விழுந்தால். இந்த வரிசையில் "ஒரு வீட்டுக்காரி, ஒரு பிள்ளைக்குத் தாய்" என்பது ஒன்றுதான் பரீட்சை இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், உடனே கிடைக்கிற மதிப்பு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஒரு பிள்ளையின் நடையே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி முதல்முறையாக அவளை உட்காரச் சொல்வாள். தடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவளுக்குக் கையில் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். வெறும் பயமுறுத்தல் எடுபடாது. நான் முதல் பத்து வருடம் அதைத்தான் செய்தேன், எடுபடவில்லை.

எல்லாக் கதையும் காதல் கதை இல்லை. இதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு ஆள், சில வேளை தகப்பனே. பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு பெயரும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வீட்டார் அவசர அவசரமாக ஒரு பையனைக் காட்டினால், எங்களுக்குச் சந்தேகம் வரும். அதை நீங்கள் விசாரிக்கப் போகாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பதினைந்து, பதினாறு வயதில் அவளே இன்னும் வளர்ந்து முடியவில்லை, இடுப்பெலும்பும் முடியவில்லை. சாப்பிடுகிற சாப்பாட்டுக்குத் தாயும் பிள்ளையும் போட்டி. குருதிச்சோகை, பிரஷர், வலிப்பு, மாதம் நிறையாத பிரசவம், எடை குறைந்த பிள்ளை எல்லாம் இருபது வயதுக்காரியைவிட இவளுக்கு அதிகம். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருகிற ஆபத்தில் வயதின் பங்கு குறைவு. பிந்திப் பதிவதும் சத்தில்லாததும்தான் கூடுதல். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் வயதை மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் மாற்றலாம். எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது எங்கள் இலக்கு. இந்தப் பிள்ளைகள் ஐந்து மாதத்தில், சால்வையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. இரும்புக் குளிசை வேலை செய்யக் காலம் வேண்டும், அந்தக் காலத்தை ஒளிப்பதில் செலவழித்துவிட்டிருப்பார்கள். திரிபோஷாச் சத்துமா கொடுத்தால் வீட்டில் எல்லாப் பிள்ளையும் சேர்ந்து சாப்பிடும். தடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஏன் ஒளிக்கிறார்கள்? வெட்கம் பாதி, சட்டம் பாதி. 1995இல் இரண்டு மாற்றம் வந்தது. முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் திருமண வயது 18 ஆனது. அதே வருடம் குற்றவியல் சட்டத்திலும் திருத்தம் வந்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். இரண்டும் பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் லயத்தில் அது இப்படி இறங்குகிறது: ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும், பையன் ரிமாண்ட், பிள்ளை நன்னடத்தை இல்லத்துக்கு, வழக்கு வருடக்கணக்கில். ஆகவே இரண்டு வீடும் பேசி, ஒரு தாலியைக் கட்டி, பதினெட்டு ஆனதும் பதிவு செய்யலாம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி மூடிய வீட்டில்தான் பிரஷர் ஏறுவது யாருக்கும் தெரியாமல் போகிறது. பதினேழு வயதுப் பையனையும் முப்பது வயது ஆளையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியா என்று என்னிடம் கேட்டால், எனக்குப் பதில் இல்லை. அது சட்டம் படித்தவர்கள் பேச வேண்டியது. கருக்கலைப்பு, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே. ஆகவே பப்பாளிக்காயில் தொடங்கி யாரோ கொடுத்த குளிசையில் முடிகிறது. இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், என்ன செய்தோம் என்று ஒளிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். தாமதித்து வந்தவர்களைத்தான் நாங்கள் இழந்திருக்கிறோம்.

இனி உங்கள் மூத்த ஆசிரியருக்கு. "ஆளுங்களே இப்படித்தான்" என்றால், அந்த ஆளுங்கள் மாறியிருக்கக் கூடாது, இல்லையா? என் கிளினிக்கில் ஒரே தாயின் இரண்டு மகள்மாரைப் பதிந்திருக்கிறேன். மூத்தவள் பதினாறில் முதல் பிள்ளை. இளையவள் படித்து, ஆசிரியர் கலாசாலை போய், இருபத்தெட்டில் முதல் பிள்ளை. அதே இரத்தம், அதே லயம், அதே மாரியம்மன். இரண்டு பேருக்கும் நடுவில் மாறியது ஒன்றுதான்: பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை சாதாரண தரம்வரை உயர்ந்தது. 1948இல் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்த நாட்டில், கடைசி ஆட்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 2003இல் வந்த நாட்டில், பாடசாலையும் ரோடும் ஆஸ்பத்திரியும் இவர்களுக்கு மட்டும் ஒரு தலைமுறை பிந்தி வந்திருக்கிறது. பிந்தி வந்தது எது என்று பார்க்காமல், பிந்தி நிற்கிறவனைப் பார்த்து "இவன் இப்படித்தான்" என்கிறோம். எங்கள் ஆட்கள் மேல் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சடங்குக்கு இருக்கிற காசு டியூஷனுக்கு இல்லை என்பதும், மகனுக்கு முட்டை மகளுக்குச் சம்பல் என்பதும் நாங்களே செய்வதுதான்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் வகுப்பில் அவள் பெயரை எடுத்துப் புத்தி சொல்லாதீர்கள். வீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஓர் ஆசிரியை கூட வரட்டும். தோட்டம் எந்த எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில் வருகிறது என்று கேட்டு, அங்குள்ள மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். அவர் சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருக்கலாம், எங்கள் பக்கம் அதுதான் அதிகம். அப்படியானால் முதல் நாள் மொழிபெயர்க்க ஆள் தேவை, அந்த ஆள் லயத்துப் பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பதினாறு ஆகவில்லை என்றால் "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத சத்தியம் அது. ஆஸ்பத்திரி பொலிசுக்கு அறிவித்தே தீரும். பலாத்காரம் என்று துளி சந்தேகம் இருந்தாலும் 1929க்கு அழைக்கலாம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மித்துரு பியச என்று ஓர் அறை இருக்கும், அங்கே தனியாகப் பேசலாம். கல்யாணப் பேச்சில் மட்டும் நடுவராகப் போய் உட்காராதீர்கள். ஆசிரியர் என்ற மரியாதைக்குக் கூப்பிடுவார்கள்.

படிப்பு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம் என்பது பல வீட்டாருக்குத் தெரியாது. பிரசவம் முடிந்து ஆறு மாதத்தில், தாய்ப்பாலோடு சேர்த்து வேறு சாப்பாடு கொடுக்கத் தொடங்கும்போது, தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் விடலாமா, பாட்டி பார்ப்பாளா என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் ஒருமுறை ஆசிரியையோடு போய்க் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்டால் அவள் காதில் விழாது, அதற்குப் பின்னால் கேட்டால் அடுத்த பிள்ளை வந்துவிடும். அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுகிற வழியை மிஸ்ஸி சொல்லிக்கொடுப்பார், அது எங்கள் வேலை.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதாதது. உங்கள் வகுப்பில் இப்போது இரண்டு மூன்று நாளாக வராத வேறு யாராவது இருக்கிறார்களா? தம்பிக்குக் காய்ச்சல், அம்மா மலைக்குப் போகணும் என்று? அப்புறம், அந்தப் பிள்ளையின் பெயரை வரவு இடாப்பில் வெட்டிவிட்டீர்களா? இன்னும் வெட்டவில்லை என்றால், அதிபர் கேட்கிறவரைக்கும் அப்படியே விடுங்கள்.